புறக்கோளின் வெயிலை எடைபோடுவது எப்படி?

சூரியனல்லாத வேறொரு விண்மீனைச் சுற்றும் கோள், அதாவது புறக்கோள், ஒன்று புதிதாகக் கண்டறியப்பட்டதாகச் செய்தி வரும்போதெல்லாம், அது தன் விண்மீனின் வாழத்தகு மண்டலத்தில் இருக்கிறது என்ற வரியும் பெரும்பாலும் உடன் வந்துவிடுகிறது. தகுந்த வளிமண்டலம் இருக்குமானால் அக்கோளின் தரையில் நீர் திரவமாக நிற்கக்கூடும் என்பதற்குமேல் அந்த வரியில் பொருள் இல்லை. அங்கே அடிக்கும் வெயில் எப்படிப்பட்டது என்பதை நாம்தான் தேடிப் பார்க்க வேண்டும். மெல்லிய மேகம் மூடிய நண்பகலில், உடலுக்குச் சூடு அவ்வளவாகத் தெரியாத நேரத்திலும், தேசிய சுற்றுப்புற வாரியம் வெளியிடும் புறஊதாக் கதிர்க் குறியீடு உயர்ந்தே நிற்பதைக் கண்ட சிங்கப்பூர்வாசிகளுக்கு, வெயிலின் சூடு வேறு, கதிர்வீச்சின் தன்மை வேறு என்பதை விளக்கத் தேவையில்லை. ஆகவே வெயிலின் அளவு, நிறம், குணம் ஆகிய மூன்றையும் இதே வரிசையில் பார்க்கலாம்.

அளவைக் கணக்கிடக் கைப்பேசியிலுள்ள கால்குலேட்டரே போதும். பூமியின் வளிமண்டலத்துக்கு மேலே ஒரு சதுர மீட்டருக்குச் சுமார் 1,361 வாட் சூரிய ஆற்றல் வந்து சேர்கிறது. அதை 1 என்று வைத்துக்கொள்ளுங்கள். விண்மீனின் ஒளிர்திறன் (அது நொடிக்கு வெளிவிடும் மொத்த ஆற்றல்) சூரியனைப்போல் எத்தனை மடங்கு என்பதை எடுத்து, விண்மீனிலிருந்து கோளின் தூரத்தை வானியல் அலகில் (பூமிக்கும் சூரியனுக்கும் உள்ள சராசரித் தூரமே ஓர் அலகு) எழுதி, அதன் வர்க்கத்தால் வகுக்க வேண்டும். இரண்டு எண்களும் நாசாவின் புறக்கோள் தரவுத்தளத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. 2016இல் அறிவிக்கப்பட்ட பிராக்சிமா சென்டாரி பி என்ற கோளை எடுத்துக்கொள்வோம். அதன் விண்மீனான பிராக்சிமாவின் ஒளிர்திறன் ஏறத்தாழ 0.00155, தூரம் 0.0485 வானியல் அலகு. தூரத்தின் வர்க்கம் 0.00235, வகுத்தால் 0.66 வருகிறது. செவ்வாய்க்குக் கிடைப்பது 0.43 என்பதால், இக்கோள் நமக்கும் செவ்வாய்க்கும் இடைப்பட்ட வெயிலில் இருக்கிறது. சூரியனைப் போன்ற விண்மீனுக்கு வாழத்தகு மண்டலத்தின் எல்லைகள் ஏறத்தாழ 1.1இலிருந்து 0.35 வரை, வெள்ளி 1.9 பெறுவதால் வெளியே நின்றுவிடுகிறது.

அடுத்து, 0.66க்கு இரண்டு முறை வர்க்கமூலம் எடுத்து 255ஆல் பெருக்கினால், பூமியைப் போன்ற எதிரொளிப்புள்ள கோளின் சமநிலை வெப்பநிலை (வளிமண்டலம் சேர்க்கும் சூட்டைக் கணக்கில் எடுக்காதது) கெல்வினில் கிடைக்கும். இங்கே வருவது சுமார் 230, அதாவது உறைநிலைக்கு 43 பாகை கீழே. இதைத் தரையின் வெப்பநிலை என்று எண்ணிக்கொண்டு, தொடக்கத்தில் நான் பல கோள்களைப் ‘பனிக்கட்டி’ என்று எழுதி ஒதுக்கிவிட்டேன். அதே கணக்கில் பூமிக்கும் மைனஸ் 18 பாகைதான் வருகிறது என்பதைப் பிறகே கவனித்தேன். நம் தரையின் சராசரியை 15 பாகை அளவுக்கு உயர்த்துவது வளிமண்டலத்தின் பசுங்குடில் விளைவு.

நிறம் பலரும் தாண்டிச் செல்லும் படி; என் கருத்தில் அதுவே சுவையானது. 2,898ஐ விண்மீனின் கெல்வின் வெப்பநிலையால் வகுத்தால், அது மிகுதியாக ஒளிரும் அலைநீளம் மைக்ரோமீட்டரில் வரும். சூரியனுக்கு 0.5, கண்ணுக்குத் தெரியும் ஒளியின் நடுப்பகுதி. ஏறத்தாழ 3,000 கெல்வின் உள்ள பிராக்சிமாவுக்கு 1 மைக்ரோமீட்டர் வருகிறது, அது அகச்சிவப்பு. கண்ணுக்குத் தெரியும் ஒளியைத் திருப்பி அனுப்பும் பனியும் உறைந்த கடலும் அகச்சிவப்பைப் பெரிதும் உறிஞ்சிக்கொள்கின்றன, நீராவியும் அப்படியே. எனவே அதே 0.66, பிராக்சிமாவைப் போன்ற செங்குறு விண்மீனிடமிருந்து (சூரியனைவிடச் சிறிய, குளிர்ந்த, செந்நிற விண்மீன்) வந்தால் கோளைக் கூடுதலாகச் சூடாக்கும். மண்டலத்தின் எல்லைகளும் அதற்கேற்ப இறங்கி, மேல் எல்லை 0.9ஐயும் கீழ் எல்லை 0.25ஐயும் ஒட்டி அமைகின்றன. கோளின் ஒரே பக்கம் எப்போதும் விண்மீனை நோக்கியிருக்குமானால், அங்கே திரளும் மேகங்கள் ஒளியைத் திருப்பி மேல் எல்லையை மீண்டும் உயர்த்தக்கூடும் என்பதையும் குறித்துக்கொள்ள வேண்டும்.

கடைசியாகக் குணம். செங்குறு விண்மீன்கள் பல திடீர் திடீரென்று சுடர்வெடிப்புகளை வீசுபவை. 2016 மார்ச்சில் பிராக்சிமா, சிலியிலிருந்த ஒரு தொலைநோக்கித் தொகுதி பார்த்துக்கொண்டிருக்கையிலேயே, வழக்கத்தைப்போல் ஏறக்குறைய 68 மடங்கு பிரகாசமானது. புறஊதாக் கதிரை மட்டும் காரணம் காட்டி ஒரு கோளைத் தள்ளிவிடுவது அவசரம்: நம் பூமியிலும் ஆக்சிஜன் பெருகி ஓசோன் படலம் உருவாகுமுன்பே உயிர் நீரின் காப்பில் வாழ்ந்திருக்கிறது. எக்ஸ் கதிரும் கடும் புறஊதாவும் மேல் வளிமண்டலத்தைச் சூடாக்கி விண்வெளிக்கு ஓட்டிவிடுவதுதான் பெரிய ஆபத்து. அதனால் விண்மீனின் இளமையையும் விசாரிக்க வேண்டும். சிறிய செங்குறு விண்மீன்கள் தொடக்கத்தில் பல கோடி ஆண்டுகள் இன்றைவிடப் பன்மடங்கு ஒளிர்கின்றன. இன்று மிதமான வெயிலில் இருக்கும் கோள் அன்று அடுப்பருகே இருந்து, கடலையே இழந்திருக்கலாம். ஏழு கோள்களையுடைய டிராப்பிஸ்ட்-1 என்ற செங்குறு விண்மீனுக்கு மிக அருகிலுள்ள பி கோளை ஜேம்ஸ் வெப் தொலைநோக்கி அளந்தபோது, 2023இல் வெளியான முடிவுகளில் தடித்த வளிமண்டலத்துக்கான அறிகுறி தென்படவில்லை. அக்கோளுக்கு விழும் வெயில் நம்மைப்போல் நான்கு மடங்கு என்பதால், வெளியே சுற்றும் மற்ற ஆறு கோள்களுக்கும் அதே முடிவை எழுதிவிடக் கூடாது.

கணக்கிட்ட இடத்தை வானத்திலும் காண விரும்புவோர், ஜூன் நடுவில் இரவு பத்து மணி வாக்கில், சிங்கப்பூரில் தெற்கு நோக்கிய வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டுத் தாழ்வாரத்தில் நின்று கையை நீட்டினால், அடிவானத்திலிருந்து மூன்று மூடிய கை உயரத்துக்குச் சற்றுக் கீழே ஆல்ஃபா சென்டாரி என்ற பிரகாசமான விண்மீன் மின்னுவதைப் பார்க்கலாம். பிராக்சிமா அதற்கு இரண்டு பாகை தள்ளி இருக்கிறது, தொலைநோக்கியின்றித் தெரியாது. அதன் கோள் நம் பார்வைக் கோட்டில் விண்மீனைக் கடந்து செல்வதாகவும் தெரியவில்லை. கடக்கும் நேரத்தில் வடிகட்டி வரும் ஒளியைக்கொண்டு வளிமண்டலத்தை ஆராய அங்கே வழியில்லாததால், என் அட்டவணையில் அளவு, நிறம், குணம் மூன்றும் நிரம்பியபின்னும் வளிமண்டலத்துக்கான நான்காம் கட்டம் வெறுமையாகவே இருக்கிறது.