மாலிக்குலர் பகுதியில் மதிப்பெண் ஒழுகும் இடங்கள்

ஞாயிற்றுக்கிழமை பசியாறி முடித்ததும் இரண்டு மூன்று பிள்ளைகள் சுங்கை சிப்புட்டில் இருக்கும் எங்கள் வீட்டு அஞ்சடிக்கு வந்துவிடுவார்கள். எல்லாரும் தோட்டத்துக் குடும்பத்துப் பிள்ளைகள். ஈப்போ, தைப்பிங் பக்கம் மருத்துவ ஆய்வுக்கூடங்களில் வேலை பார்க்கிறார்கள். அமெரிக்க மருத்துவ நோயியல் சங்கத்தின் ஏ.எஸ்.சி.பி.ஐ. சான்றிதழ்த் தேர்வுக்குப் படிக்கிறார்கள். 100 கேள்விகள், இரண்டரை மணி நேரம், 999-க்கு 400 வந்தால் தேர்ச்சி. நீங்கள் சொன்ன பதிலைப் பார்த்துத்தான் கணினி அடுத்த கேள்வியை எடுக்கும். பதில் சொல்லாமல் தாண்டிப் போகவும் விடாது.

டி.என்.ஏ., ஆர்.என்.ஏ. சோதனைகளைப் பற்றிய பகுதிதான் மாலிக்குலர். முதல் தவறு, "மாலிக்குலர்தானே, கடைசி வாரம் பார்த்துக்கலாம்" என்பது. இவர்கள் எழுதும் எம்.எல்.எஸ். (மருத்துவ ஆய்வுக்கூட அறிவியலாளர்) தேர்வில் அது தனிப் பெரிய பிரிவாக நிற்காது. நுண்ணுயிரியலுக்குள் ஒன்று, ரத்தவியலுக்குள் ஒன்று என்று ஒளிந்து வரும். அங்கே விட்டால் இரண்டு பக்கமும் நஷ்டம்.

அடுத்தது கணக்கு. போன மாதம் ஒரு தங்கச்சிக்கு ஒரு கணக்குக் கொடுத்தேன். டி.என்.ஏ. மாதிரி 10 மைக்ரோலிட்டர், தண்ணீர் 190 மைக்ரோலிட்டர். 260 நானோமீட்டர் ஒளியை உறிஞ்சும் அளவு 0.3, 280-இல் 0.2. செறிவு எவ்வளவு, மாதிரி சுத்தமா? இரட்டை இழை டி.என்.ஏ.-வுக்கு அளவு 1.0 என்றால் மில்லிலிட்டருக்கு 50 மைக்ரோகிராம் என்பது அவளுக்கு நன்றாகத் தெரியும். 0.3-ஐ 50-ஆல் பெருக்கி, 15 என்று எழுதிவிட்டு என்னைப் பார்த்தாள்.

"தண்ணீர் ஊத்துனோமே தங்கச்சி, அது எங்கே?"

"ஐயோ, 19 மடங்கு இல்லையாக்கா?"

அதுவும் இல்லை. 10-உம் 190-உம் சேர்ந்தால் 200, ஆக நீர்த்தல் 20 மடங்கு. 0.3 × 50 × 20 = 300. தேர்வில் நான்கு விடைகளில் ஒன்று 15, ஒன்று 285, ஒன்று 300 என்றுதான் இருக்கும். நம் தவறுகளை முன்கூட்டியே தெரிந்துவைத்து விடைகளை அடுக்குகிறார்கள். சுத்தம் பார்க்கும் விகிதத்துக்கு நீர்த்தல் கணக்கே வேண்டாம். 0.3-ஐ 0.2-ஆல் வகுத்தால் 1.5. டி.என்.ஏ.-வுக்கு 1.8 பக்கம் வரவேண்டும். குறைந்தால் புரதம் கலந்திருக்கிறது என்று பொருள். ஆர்.என்.ஏ.-வுக்கு 50-க்குப் பதில் 40, விகிதம் 2.0.

திசையைக் கவனிக்காமல் விடுவது இன்னொரு ஓட்டை. டி.என்.ஏ. இழையின் இரு முனைகளுக்கு 5 பிரைம், 3 பிரைம் என்று பெயர். 5 பிரைமிலிருந்து 3 பிரைம் வரை ஏ-டி-ஜி-சி-சி-ஏ என்று ஓர் இழை. அதன் ஜோடி என்ன? டி-ஏ-சி-ஜி-ஜி-டி என்று பிள்ளைகள் உடனே சொல்வார்கள். எழுத்துகள் சரி, ஆனால் அது 3 பிரைமிலிருந்து 5 பிரைமுக்கு ஓடுகிறது. வழக்கப்படி 5 பிரைமிலிருந்து எழுதினால் டி-ஜி-ஜி-சி-ஏ-டி. ஜோடியைக் கண்டுபிடித்தபின் திருப்பி எழுதுங்கள், இரண்டு முனையிலும் எண்ணைப் போடுங்கள். இழையை நீட்டும் நொதியான பாலிமரேஸ், 3 பிரைம் முனையில் இருக்கும் ஹைட்ராக்சிலில்தான் புது எழுத்தைச் சேர்க்கும். அந்த ஹைட்ராக்சில் இல்லாத டைடியாக்ஸி எழுத்து வந்து உட்கார்ந்ததும் இழை நின்றுவிடும். எழுத்து வரிசையைப் படிக்கும் சாங்கர் முறையே அதுதான், தனியாக மனப்பாடம் செய்யத் தேவையில்லை.

எனக்கு மிகவும் எரிச்சல் தருவது கன்ட்ரோல் விஷயம். டி.என்.ஏ.-வைச் சுற்றுச் சுற்றாகப் பெருக்குவது பி.சி.ஆர். அந்த வினை ஒழுங்காக நடந்ததா என்று காட்ட அதே குழாயில் வைப்பது உள் கன்ட்ரோல். பி.சி.ஆர்.-இன் மூன்று வெப்பநிலைகளையும் (95, 55-60 பக்கம், 72) பாட்டுப் போல ஒப்பிக்கிறவர்கள், நோயாளியின் மாதிரி நெகட்டிவ், உள் கன்ட்ரோலும் நெகட்டிவ் என்று கேட்டால் "நெகட்டிவ்னு ரிப்போர்ட் பண்ணலாம்" என்கிறார்கள். கூடாது. உள் கன்ட்ரோல் வரவில்லை என்றால் வினையே நடக்கவில்லை. ஏதோ ஒன்று தடுத்திருக்கிறது. முடிவு செல்லாது, திரும்பப் பிரித்தெடுத்து ஓட்ட வேண்டும். இலக்கு பலமான பாசிட்டிவாக வந்து உள் கன்ட்ரோல் மட்டும் விழுந்தால் கதை வேறு: வைரஸ் அவ்வளவு இருந்ததால் போட்டியில் அது அமுங்கிப் போயிருக்கலாம். மாதிரியே போடாத குழாயில் பாசிட்டிவ் வந்தால் மாசு. அந்த ஓட்டத்தில் வந்த பாசிட்டிவ் எதையும் நம்ப முடியாது.

அந்தத் தடுப்பு எங்கிருந்து வருகிறது? பால்மரக் காட்டில் வளர்ந்தவர்களுக்கு இதைச் சொல்வது சுலபம். மங்கில் பால் உறையாமலிருக்க அமோனியா விடுவார்கள். ரத்தத்தையும் உறையாமல் வைத்தால் போதும், எந்தக் குழாயானால் என்ன என்று தோன்றும். ஆனால் பச்சை மூடிக் குழாயின் ஹெபாரின் பி.சி.ஆர்.-ஐத் தடுக்கும். மாலிக்குலருக்குப் பெரும்பாலும் இ.டி.டி.ஏ. உள்ள ஊதா மூடிதான். சிவப்பணு உடைந்து வரும் ஹீமும் தடுக்கும்.

பி.சி.ஆர்.-இல் எத்தனையாவது சுற்றில் ஒளி கோட்டைத் தாண்டியது என்பதுதான் சி.டி. எண். அதில் தலைகீழாக விழுகிறவர்களும் உண்டு. ஒருவருக்கு 22, இன்னொருவருக்கு 32. பெரிய எண்ணுக்கு அதிக வைரஸ் என்று மனம் சொல்லும். 22-தான் அதிகம், சீக்கிரமே கோட்டைத் தாண்டிவிட்டது. வித்தியாசம் பத்துச் சுற்று, சுற்றுக்கு இரு மடங்கு, ஏறக்குறைய ஆயிரம் மடங்கு.

ஸ்ட்ரிஞ்சென்சியை, அதாவது இழைகள் ஜோடி சேர எவ்வளவு கறாராகப் பொருத்தம் பார்க்கிறோம் என்பதை மட்டும் காரணத்தோடு படியுங்கள், இல்லாவிட்டால் தேர்வு மேசையில் குழம்பும். டி.என்.ஏ. இழை இரண்டுமே எதிர்மின் ஏற்றம் கொண்டவை, ஒன்றையொன்று தள்ளும். உப்பு நடுவில் நின்று சமாதானம் பேசும். உப்பைக் குறைத்து வெப்பத்தை ஏற்றினால் முழுப் பொருத்தம் உள்ள ஜோடி மட்டுமே தாங்கும். அதுதான் உயர் ஸ்ட்ரிஞ்சென்சி. அதே எதிர்மின் ஏற்றத்தால்தான் ஜெல்லில் டி.என்.ஏ. நேர்மின் முனைக்கு ஓடுகிறது, சிறிய துண்டு முந்துகிறது. ஜெல்லிலிருந்து சவ்வுக்கு மாற்றித் தேடும் பிளாட் முறைகளில் சதர்ன் டி.என்.ஏ., நார்தர்ன் ஆர்.என்.ஏ., வெஸ்டர்ன் புரதம்: இதை மனப்பாடமே செய்துகொள்ளுங்கள், தப்பில்லை.

"ஃபேக்டர் ஃபைவ் லைடன் நம்ம ஆளுங்க ஒருத்தருக்கும் பார்த்ததில்லையேக்கா" என்று ஒரு தம்பி, ரத்தம் உறைந்து கட்டிப்போக வைக்கும் அந்த மரபணு மாற்றத்தின் பக்கத்தையே தள்ளிவிட்டான். தேர்வை நடத்துவது அமெரிக்க அமைப்பு, தம்பி. அங்கே அது சாதாரணம். கேட்பார்கள்.

அதே தம்பிக்கு, ஹீமோகுளோபினின் குளோபின் குறைந்துபோகும் பரம்பரை நோயான தலசீமியா கைவந்த கலை, ஆனால் அதைப் பாடத்தோடு சேர்த்துப் பார்க்கவில்லை. ஆல்ஃபா குளோபின் 16-ஆம் குரோமோசோம், பீட்டா 11. நம் வட்டாரத்து எஸ்.இ.ஏ. (தென்கிழக்காசிய) நீக்கத்தில் ஒரு குரோமோசோமின் இரண்டு ஆல்ஃபா மரபணுவும் போய்விடும். இதைக் கண்டுபிடிக்கும் இடைவெளி பி.சி.ஆர்.-இல், பெருக்கம் தொடங்கும் சிறு துண்டுகளான பிரைமர்கள் நீக்கத்தின் இரு பக்கமும் உட்காரும். நடுவில் துண்டு போயிருந்தால் அவை கிட்ட வந்து ஜெல்லில் பட்டை விழும். போகாத இடத்தில் தூரம் அதிகம், விழாது. அப்படியானால் பட்டை இல்லாதவர் எல்லாம் நீக்கம் இல்லாதவரா, வினை கெட்டுப்போன குழாயா? அதைப் பிரித்துச் சொல்லத்தான் அதே குழாயில் சாதாரண மரபணுவுக்கும் பிரைமர் போடுகிறார்கள். ஒரு குரோமோசோமில் மட்டும் நீக்கம் உள்ள கடத்துபவருக்கு (கேரியர்) இரண்டு பட்டையும் தெரியும். கேள்வித்தாளின் ஓரத்தில் அந்த ஜெல்லை அவனே வரைந்து காட்டியபோது தே தாரிக் ஆறிப்போயிருந்தது.