ஜெர்மனிக்குப் படிக்க வந்தாச்சு: முதல் மாத வேலைகளை எந்த வரிசையில் முடிப்பது?

வீட்டுச் சாவி கைக்கு வந்த அன்றே உங்கள் பெயரைத் தபால் பெட்டியில் ஒட்டிவிடுங்கள். சிம் கார்டு, பஸ் பாஸ் எல்லாம் அதற்கப்புறம் வாங்கிக்கொள்ளலாம். இந்த ஊரில் உங்களுக்கு வரவேண்டிய முக்கியமான காகிதங்கள் இன்னும் தபாலில்தான் வருகின்றன. அவை வந்து சேராவிட்டால் அடுத்தடுத்த வேலைகள் அப்படியே நின்றுவிடும்.

1. பெட்டியில் பெயர்

அடுக்குமாடிகளில் பெரும்பாலும் கதவு எண்ணே கிடையாது. தபால்காரர் தெருவையும் கட்டட எண்ணையும் பார்த்து வருவார். உள்ளே எந்தப் பெட்டியில் உங்கள் பெயர் இருக்கிறதோ அதில் போடுவார். பெயர் இல்லையென்றால் கடிதம் அனுப்பியவருக்கே திரும்பிவிடும்.

நான் குடியேறிய அறையின் பெட்டியில் எனக்கு முன் இருந்தவரின் பெயர்தான் இருந்தது. மாற்றவேண்டும் என்று தெரியவில்லை. வரி எண் வரும் வரும் என்று வாரக்கணக்கில் காத்திருந்தேன். அது வந்து திரும்பிப் போயிருந்தது. எண் இல்லாததால் பகுதிநேர வேலையின் முதல் சம்பளத்தில் அதிகமான வரியைப் பிடித்துவிட்டார்கள். பிறகு திரும்பக் கிடைத்தது என்றாலும், அந்த மாத வாடகைக்குப் பட்ட பாடு மறக்கவில்லை.

நம்மவர்களுக்கு இதில் இன்னொரு சிக்கலும் உண்டு. பலருக்கு பாஸ்போர்ட்டில் அப்பா பெயர்தான் குடும்பப் பெயர். கடிதம் எல்லாம் அப்பா பெயருக்கே வரும். அதனால் உங்கள் பெயர், அப்பா பெயர் இரண்டையும் பாஸ்போர்ட்டில் உள்ள எழுத்துகளில் பெரிதாக எழுதி, மழையில் கரையாதபடி மேலே செல்லோடேப் ஒட்டுங்கள். அழைப்பு மணிக்குப் பக்கத்திலும் ஒன்று ஒட்டினால் பார்சல் வந்து சேரும். இனீஷியல் மட்டும் போடவேண்டாம்.

2. முகவரிப் பதிவு: அன்மெல்டுங்

குடியேறிய 2 வாரத்துக்குள் ஊர் அலுவலகத்தில் (பியூர்கராம்ட்) முகவரியைப் பதிய வேண்டும் என்பது சட்டம். பெரிய நகரங்களில் அப்பாயின்ட்மென்ட் கிடைப்பதே பாடு. முகவரி உறுதியானதுமே இணையத்தில் தேதி பிடித்துவிடுங்கள். காலையில் அலுவலகம் திறக்கும் நேரத்தில் பக்கத்தைத் திறந்து பார்த்தால், யாரோ ரத்துசெய்த இடம் சில நேரம் கிடைக்கும். கிடைத்த தேதி 2 வாரத்தைத் தாண்டினால், தேதி பிடித்ததற்கான மின்னஞ்சலைப் பத்திரமாக வைத்திருங்கள்.

பாஸ்போர்ட், விண்ணப்பப் படிவம் இவற்றோடு வீட்டுக்காரர் கையெழுத்திட்ட ஒரு தாளும் வேண்டும். அதன் பெயர் வோனுங்ஸ்கேபர்பெஸ்டேட்டிகுங். 'இவர் இன்ன தேதியில் இங்கே குடிவந்தார்' என்று சொல்லும் ஒற்றைத் தாள் அது. வாடகை ஒப்பந்தத்தைக் காட்டினால் போதும் என்று நினைத்துப் போய்த் திரும்பி வந்தவர்கள் நிறையப் பேர். சாவி வாங்கும்போதே இதையும் கேட்டு வாங்குங்கள். தர மறுக்கும் வீடு என்றால், வாடகை எவ்வளவு குறைவாக இருந்தாலும் அங்கே போகாதீர்கள்.

படிவத்தில் மதம் பற்றிய கேள்வி வரும். கத்தோலிக்க, புராட்டஸ்டன்ட் திருச்சபை உறுப்பினர் என்று எழுதினால், வருமான வரி கட்டும் காலத்தில் அந்த வரித்தொகையில் 8 அல்லது 9 சதவீதம் திருச்சபை வரியாகச் சேரும். தெரிந்தே பதில் எழுதுங்கள்.

பதிவு முடிந்து கையில் தரும் சான்றிதழை உடனே ஸ்கேன் செய்துகொள்ளுங்கள். சில வாரத்தில் 11 இலக்க வரி எண் தபாலில் வரும். அது ஆயுளுக்கும் அதே எண்தான். அதன் பின்னாலேயே ருண்ட்ஃபுங்க்பைட்ராக் என்ற ஒளிபரப்புக் கட்டணக் கடிதமும் வரும். வீட்டில் டிவி இல்லை என்று அதைத் தூக்கிப் போடாதீர்கள். ஒரு வீட்டுக்கு மாதம் 18.36 யூரோ, டிவி இருந்தாலும் இல்லாவிட்டாலும். நாலு பேர் சேர்ந்து தங்கினால் ஒருவர் கட்டினால் போதும். கட்டுபவரின் கட்டண எண்ணை மற்றவர்கள் எழுதி அனுப்பவேண்டும்.

3. பணம்

விசாவுக்காகப் பிளாக்டு அக்கவுண்டில் போட்ட பணம் (2024 செப்டம்பர் முதல் ஆண்டுக்கு 11,904 யூரோ) மொத்தமாகக் கைக்கு வராது. மாதம் 992 யூரோ வீதம்தான் விடுவிப்பார்கள். அதை வாங்கச் சாதாரண நடப்புக் கணக்கு ஒன்று திறக்கவேண்டும். கார்டு ஒரு உறையிலும் அதன் ரகசிய எண் (PIN) வேறொரு உறையிலும் வெவ்வேறு நாளில் வரும்.

ஆக முதல் சில வாரம் கைப்பணத்தில்தான் ஓடும். அதில் வாடகை முன்பணமும் சேரும். சட்டப்படி அது 3 மாத 'குளிர் வாடகை'யைத் தாண்டக்கூடாது. அதையும் 3 தவணையாகக் கட்டும் உரிமை உங்களுக்கு உண்டு. குளிர் வாடகை என்பது வெறும் இடத்துக்கானது. சூடேற்றம், தண்ணீர் போன்றவை சேர்ந்தால் 'சூடான வாடகை'. விளம்பரத்தில் எது போட்டிருக்கிறது என்று பாருங்கள். மின்சாரமும் இணையமும் இரண்டிலும் இல்லாமல் இருக்கலாம்.

'நான் வெளிநாட்டில் இருக்கிறேன், பணம் அனுப்புங்கள், சாவியைத் தபாலில் அனுப்புகிறேன்' என்று யாராவது சொன்னால் அது ஏமாற்றுதான். வேறு விளக்கமே இல்லை.

4. மருத்துவக் காப்பீடு

இது இல்லாமல் கல்லூரியில் பெயர் பதிய முடியாது. 30 வயதுக்குள் என்றால் அரசு முறைக் காப்பீட்டில் மாணவர் கட்டணத்தில் சேரலாம். தனியார் காப்பீடு மலிவாகத் தெரியும். ஆனால் அதற்காக அரசு முறையிலிருந்து விலக்கு வாங்கிவிட்டால் படிப்பு முடியும்வரை திரும்ப முடியாது. யோசித்துக் கையெழுத்திடுங்கள்.

உயிருக்கு ஆபத்து, தீ என்றால் 112. போலீஸ் 110. இரவில் காய்ச்சல், காலைவரை தாங்காது, ஆனால் ஆம்புலன்ஸ் வேண்டியதில்லை என்றால் 116117.

5. ரெசிடென்ஸ் பெர்மிட் (தங்கும் அனுமதி)

நுழைவு விசா சில மாதங்களுக்குத்தான். அது முடிவதற்குள் வெளிநாட்டினர் அலுவலகத்தில் விண்ணப்பம் போய்ச் சேரவேண்டும். நேர்காணல் தேதி தள்ளிப்போனால்கூட விண்ணப்பம் முன்பே போயிருப்பதுதான் உங்களைக் காப்பாற்றும். அவர்கள் தரும் இடைக்காலச் சான்றோடு ஊருக்குப் போய்த் திரும்ப முடியுமா என்று டிக்கெட் போடும் முன் கேட்டுவிடுங்கள். சில வகைச் சான்றோடு அப்படித் திரும்பி வர முடியாது.

வேலை பார்ப்பதற்கு 2024 மார்ச் முதல் ஆண்டுக்கு 140 முழு நாள் அல்லது 280 அரை நாள் என்பது வரம்பு. பல்கலைக்கழகத்துக்குள்ளேயே செய்யும் மாணவர் உதவியாளர் வேலை இந்தக் கணக்கில் வராது.

பிறகு

ஞாயிறு கடைகள் மூடியிருக்கும். சனிக்கிழமையே வாங்கி வையுங்கள். கேன், பிளாஸ்டிக் பாட்டில்களை எறியாதீர்கள், கடையில் திருப்பிக் கொடுத்தால் பெரும்பாலும் ஒன்றுக்கு 25 சென்ட் திரும்பக் கிடைக்கும்.

வருகிற எந்தக் கடிதத்தையும் மொழி புரியவில்லை என்று ஓரமாக வைக்காதீர்கள். குறிப்பாக மஞ்சள் உறை. அது அதிகாரபூர்வமாக ஒப்படைத்த கடிதம். தபால்காரர் போட்ட தேதியை உறையின் மேல் எழுதியிருப்பார். நீங்கள் படித்தாலும் படிக்காவிட்டாலும் கெடு அந்தத் தேதியிலிருந்தே ஓட ஆரம்பிக்கும். உறையையும் சேர்த்து எடுத்துக்கொண்டு, அன்றைக்கோ மறுநாளோ உங்கள் மாணவர் சேவை மையத்தின் ஆலோசனை அறைக்குப் போய்க் காட்டுங்கள்.