கிட்டார் கற்கத் தொடங்குகிறீர்களா? ‘விரல் வரலை’ என்று விடுவதற்கு முன்

கிருஷ்ணகிரி, தருமபுரி பக்கம் ஆசையாகக் கிட்டார் வாங்கிய பலர் சில மாதங்களிலேயே அதை உறையில் போட்டு பீரோ மேல் ஏற்றிவிடுகிறார்கள். ஏன் என்று கேட்டால், “எனக்கு விரல் வரலைங்க” என்பதுதான் பதில். அந்தக் கிட்டாரை இறக்கி வாசித்துப் பார்த்தால், நன்றாகப் பழகிய கைக்கே வலிக்கும். கம்பி அவ்வளவு உயரத்தில் நிற்கும். குறை கருவியில் இருக்க, பிள்ளைகள் தங்கள் விரலை நொந்துகொள்வதுதான் எனக்கு வருத்தம். அதனால் கடையிலிருந்தே தொடங்குகிறேன்.

நிறத்தையும் விலையையும் பார்த்து ஆன்லைனில் ஆர்டர் போடுவது முதல் தவறு. பை, கம்பியை மீட்டும் பிக், கழுத்தில் மாட்டிச் சுருதியை ஏற்றும் கேப்போ எல்லாம் சேர்த்துத் தருகிறார்கள், சரி. ஆனால் கம்பி எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்பது எந்தப் படத்திலும் தெரியாது. ஓசூரிலிருந்து பெங்களூரு சுமார் 40 கி.மீ. தான். தருமபுரிக்காரர்களுக்குச் சேலம் பக்கம். நேரில் போங்கள். வாசிக்கத் தெரிந்த ஒருவரைக் கூட்டிப்போங்கள். சர்ச் பாடகர் குழுவில் வாசிக்கும் அண்ணன் யாராவது தெருவுக்கு ஒருவர் இருப்பார். கடைக்காரர் வாசித்துக் காட்டினால் எந்தக் கிட்டாரும் இனிக்கும். அதை வைத்து முடிவெடுக்காமல், முதல் ஃபிரெட்டில் (கழுத்தின் குறுக்கே பதித்த உலோகப் பட்டைகள் பிரிக்கும் கட்டங்களில் தலைப்பக்கம் முதலாவது) ஒவ்வொரு கம்பியாக நீங்களே அழுத்திப் பாருங்கள்.

ஏற்கெனவே வாங்கிவிட்டவர்கள் உயரத்தை அளந்துவிடுங்கள். 12-வது ஃபிரெட்டின் உலோகப் பட்டை மேல் ஒரு ஸ்கேலை நிறுத்தி, தடித்த ஆறாவது கம்பியின் அடிப்பக்கம் எந்தக் கோட்டில் நிற்கிறது என்று பாருங்கள். பள்ளிக்கூட ஸ்கேலில் பூஜ்யம் ஓரத்திலிருந்து கொஞ்சம் தள்ளித் தொடங்கும், அந்த இடைவெளியையும் சேர்த்துக்கொள்ள மறக்க வேண்டாம். ஸ்டீல் கம்பி கிட்டாரில் 2 முதல் 2.5 மி.மீ. இருந்தால் நல்லது. 3.5-ஐத் தாண்டினால் பழகுபவரின் விரல் படாதபாடு படும். கம்பிகள் ஏறி உட்காரும் வெள்ளைப் பட்டை, அதாவது சேடில், அதன் அடியைத் தேய்த்தால் உயரம் குறையும். 12-வது ஃபிரெட்டில் 1 மி.மீ. குறைய, சேடிலில் ஏறக்குறைய 2 மி.மீ. தேய்க்க வேண்டும். தெரிந்தவரிடம் கொடுத்துச் செய்யுங்கள். கழுத்தின் வளைவைச் சரிசெய்ய அதற்குள் இருக்கும் உலோகத் தண்டை, அதாவது ட்ரஸ் ராடை, நீங்களாக முறுக்கவே வேண்டாம்.

நைலான் கம்பி போட்ட கிளாசிக்கல் கிட்டாரில் இந்தக் கணக்கு வேறு. அங்கே 4 மி.மீ. வரை சகஜம், கம்பி மென்மை என்பதால் விரல் தாங்கும். ஆனால் சத்தம் பத்தவில்லை என்று அதில் ஸ்டீல் கம்பியை மாட்டிவிடுகிறவர்கள் உண்டு. நைலான் ஆறும் சேர்ந்து சுமார் 40 கிலோ இழுக்கும். ஸ்டீல் 70 கிலோ வரை இழுக்கும். நாளடைவில் கம்பிகளைப் பிடித்திருக்கும் மரத்துண்டான பிரிட்ஜ் பெயர்ந்து மேலெழும், பிறகு அந்தக் கிட்டாரைக் காப்பாற்றுவது கஷ்டம்.

அடுத்தது ட்யூனிங். கடையில் சுருதி சேர்த்துக் கொடுத்தார்கள், அது அப்படியே இருக்கும் என்று நம்பி வாரக்கணக்கில் வாசிக்கிறார்கள். புதுக் கம்பி நீண்டுகொண்டே இருக்கும். ஓசூர் பக்கம் பகலும் இரவும் குளிர் மாறுவதற்கே சுருதி நகரும். தினமும் எடுத்தவுடன் சரிபாருங்கள். செல்போன் ட்யூனர் போதும், ஆனால் அதில் ஒரு சிக்கல் இருக்கிறது. பல ட்யூனர்கள் ‘ஈ’ (E) என்று சுரத்தின் பெயரை மட்டும் காட்டும். ஆறாவது கம்பியின் ஈ சுமார் 82 ஹெர்ட்ஸ், முதல் கம்பியின் ஈ சுமார் 330. எந்த ஈ என்று காதால் கவனிக்காமல் கீயை முறுக்கிக்கொண்டே போனால் மெல்லிய முதல் கம்பி பட்டென்று அறுந்து கையில் அடிக்கும். போன் இல்லாமல் சேர்க்கவும் பழகுங்கள்: ஒரு கம்பியின் 5-வது ஃபிரெட்டும் அதற்குக் கீழுள்ள கம்பியின் திறந்த ஒலியும் ஒன்றாக இருக்க வேண்டும். மூன்றாவது கம்பியிலிருந்து இரண்டாவதைச் சேர்க்கும்போது மட்டும் 4-வது ஃபிரெட். இதை மறந்து அங்கேயும் 5-வது பிடித்தால் இரண்டாவது கம்பி அரைச்சுரம் ஏறிவிடும். எந்த கார்டு (பல சுரம் சேர்ந்து ஒலிக்கும் பிடி) பிடித்தாலும் என்னவோ உறுத்தும், காரணம் புரியாது.

கருவி சரியானபின் கைக்கு வருவோம். சத்தம் தெளிவாக வராவிட்டால் இன்னும் பலமாக அழுத்துவது எல்லோரும் செய்வது. விரல் ஃபிரெட்டின் உலோகப் பட்டைக்கு ஒட்டினாற்போல் பின்னால் இருந்தால் பாதி அழுத்தமே போதும். இரண்டு ஃபிரெட்டுக்கும் நடுவில் வைத்தால் எவ்வளவு அழுத்தினாலும் நறநறக்கும். இடது கை நகத்தை ஒட்ட வெட்டிவிடுங்கள். நுனி விரல் வலி சில வாரத்தில் தோல் தடித்து அடங்கிவிடும். மணிக்கட்டில் வலி வந்தால் மட்டும் நிறுத்துங்கள், உட்காரும் விதம் எங்கோ தப்பு.

கார்டு மாற்றும்போது எல்லா விரலையும் தூக்கிவிட்டு ஒவ்வொன்றாகத் தேடி வைப்பதுதான் பெரிய நேர விரயம். சி கார்டு பிடியுங்கள்: ஆள்காட்டி விரல் இரண்டாவது கம்பியின் முதல் ஃபிரெட்டில், நடுவிரல் நான்காவது கம்பியின் இரண்டாவதில், மோதிர விரல் ஐந்தாவது கம்பியின் மூன்றாவதில். இப்போது ஏ மைனருக்குப் போக வேண்டுமானால் மோதிர விரலை மட்டும் எடுத்து மூன்றாவது கம்பியின் இரண்டாவது ஃபிரெட்டில் வைத்தால் முடிந்தது. மற்ற இரண்டும் இருந்த இடத்திலேயே இருக்கட்டும். எந்த விரல் நகர வேண்டாம் என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

எஃப் கார்டை முதல் மாதத்திலேயே பிடித்தே தீருவேன் என்று மல்லுக்கட்ட வேண்டாம். ஐந்தாவது, ஆறாவது கம்பிகளைத் தொடாமல், மூன்று விரலில் பிடிக்கும் எஃப் மேஜர் செவன் பல பாட்டுக்குப் போதும்.

வலது கையை யாரும் கவனிப்பதே இல்லை. இடது கை கார்டைத் தேடும் வரை வலது கை நின்று காத்திருக்கும், தாளம் அங்கேயே போய்விடும். தாளம் தட்டும் மெட்ரோனோமை நிமிடத்துக்கு 60-ல் வைத்து, கார்டு தப்பானாலும் கை நிற்காமல் வாசியுங்கள். நம் சினிமாப் பாட்டுகளில் நிறைய மூன்று மூன்றாக நடப்பவை. யூடியூபில் கற்ற நாலெண்ணிக்கை ஸ்ட்ரம்மிங்கை, அதாவது கம்பிகளை மொத்தமாக வருடும் முறையை, அதில் திணித்தால் ஒட்டாது. கோயில் திருவிழாவில் பம்பைச் சத்தத்துக்குத் தானாகக் கால் தட்டுகிறோமே, அதையே செய்யுங்கள்: பாட்டைப் போட்டுவிட்டு, கிட்டாரைத் தொடாமல், மூன்றா நான்கா என்று காலால் தட்டிப் பார்த்துவிட்டு எடுங்கள்.

பாடிக்கொண்டே வாசிப்பவர்கள் மூலப் பாட்டின் சுருதியையே பிடித்துத் தொங்குவதும் தேவையில்லாத கஷ்டம். ஐந்து கட்டையில் பாடகி பாடியதை நீங்களும் அதே ஜி சுருதியில் பாட வேண்டுமென்று யார் சொன்னது? உங்கள் குரலுக்கு வசதியான இடத்தில் கேப்போவைப் போட்டு, தெரிந்த கார்டுகளையே வாசியுங்கள்.

பயிற்சி தினமும் 20 நிமிடம். ஞாயிற்றுக்கிழமை மட்டும் மூன்று மணி நேரம் உட்கார்ந்தால் விரல் கொப்பளிக்கும், அடுத்த ஞாயிறு வராது.

நம் ஊருக்கென்று இன்னொன்று. மொட்டை மாடிக்கு நேர் கீழே உள்ள பரணிலோ, தகர ஷீட் கூரைக்கு அடியிலோ, வெயிலில் நிறுத்திய காரிலோ கிட்டாரை வைக்காதீர்கள். மே மாதச் சூட்டில் பிரிட்ஜை ஒட்டிய பசை இளகும், கழுத்து வளையும், அளந்து சரிசெய்த உயரமெல்லாம் மறுபடி ஏறிவிடும். வீட்டில் எந்த அறை குளிர்ச்சியோ, அங்கே சுவரோரம் சாய்க்காமல் ஸ்டாண்டில் நிறுத்துங்கள். வாசித்து முடித்ததும் பழைய பருத்தித் துணியால் கம்பியை ஒருமுறை துடைத்துவிட்டால் வேர்வையில் சீக்கிரம் துருப்பிடிக்காது.