கல்லூரி கூடைப்பந்தில் புது விதி வந்தால் எதைப் பழக வேண்டும்

அமெரிக்கக் கல்லூரி கூடைப்பந்தில் ஆண்கள் ஆட்ட விதிகளில் பெரிய திருத்தங்கள் பெரும்பாலும் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறைதான் வரும். கல்லூரி விளையாட்டுகளை நடத்தும் என்சிஏஏ அமைப்பின் விதிக்குழு மே மாதவாக்கில் முன்மொழியும், மேற்பார்வைக் குழு ஜூனில் ஒப்புதல் தரும், நவம்பரில் சீசன் தொடங்கிவிடும். தயாராகக் கிடைப்பது ஐந்து மாதம். அதை வீணாக்காமலிருக்க, முன்மொழிவு வந்த அன்றே ஒன்றைத் தேடிப் பிடியுங்கள்: இனி நடுவர் எந்தக் கணத்தைப் பார்த்து விசில் ஊதப்போகிறார்? தலைப்பில் "ஆட்டத்தின் வேகத்தைக் கூட்ட" என்று என்ன எழுதியிருந்தாலும் சரி, களத்தில் மாறுவது அந்தக் கணம்தான்.

இருவர் மோதும்போது சார்ஜா (பாய்பவரின் தவறு), பிளாக்கா (தடுப்பாளரின் தவறு) என்ற தீர்ப்பைப் பாருங்கள். 2023-24க்கு முன், ஷாட் அடிப்பவரின் கால் தரையை விட்டு எழும்புவதற்குள் தடுப்பாளர் இடம் பிடித்துவிட்டால் சார்ஜ் கிடைத்தது. இப்போது அவர் எழும்புவதற்காகக் காலை ஊன்றும்போதே தடுப்பாளர் இடத்தில் இருக்க வேண்டும். பிறகு வந்து மோதினால் பிளாக். வித்தியாசம் ஒரு நொடிகூட இல்லை. ஆனால் எதிர்ப்பக்கத்திலிருந்து ஓடிவந்து நெஞ்சைக் காட்டி விழும் பழக்கம் அந்த இடைவெளியை நம்பித்தான் இருந்தது.

பயிற்சி இப்படி: கூடையின் நடுப்புள்ளிக்கு நேர் கீழிருந்து 4 அடி ஆரத்தில் வளைவுக் கோடு (இதற்குள் நிற்கும் உதவித் தடுப்பாளருக்குச் சார்ஜ் கிடையாது) தெளிவாக இருக்கட்டும், அழிந்திருந்தால் டேப் ஒட்டுங்கள். ஒருவர் பக்கவாட்டிலிருந்து டிரிபிள் செய்து, அதாவது பந்தைத் தரையில் தட்டிக்கொண்டே, பாய்வார். உதவித் தடுப்பாளர் எதிர்ப்பக்கத்திலிருந்து வருவார். மூன்றாமவர் எண்ட் லைனில் (கூடைக்குப் பின்னாலுள்ள எல்லைக் கோட்டில்) நின்று, பாய்பவரின் ஊன்று கால் தரையைத் தொட்டதும் "ஊன்று" என்று கத்துவார். அந்தச் சத்தத்துக்கு முன் தடுப்பாளரின் இரு பாதமும் வளைவுக்கு வெளியே தரையில் இருந்து, மார்பு எதிராளியை நோக்கி இருந்தால் நிற்கலாம். சத்தம் முந்திக்கொண்டால் நகரக் கூடாது. இருந்த இடத்திலேயே கைகளை நேராக உயர்த்திச் செங்குத்தாக எழும்ப வேண்டும். எண்ட் லைனிலிருந்து மொபைலில் ஸ்லோ மோஷனில் எடுத்துக் காட்டுங்கள். தாங்கள் எவ்வளவு தாமதமாக வருகிறோம் என்பதைப் பிள்ளைகள் தங்கள் கண்ணால் பார்க்கும்வரை நம்பமாட்டார்கள். பெரும்பாலும் தவறு காலில் இல்லை, கிளம்பும் நேரத்தில்: பாய்பவர் டிரிபிளை முடித்துப் பந்தைக் கையில் எடுப்பதைப் பார்த்த பிறகே கிளம்புகிறார்கள். அதற்குள் வேலை முடிந்துவிட்டது.

2025-26இல் வந்த தொடர் அசைவு விதி இதோடு சேர்ந்து கடிக்கிறது. கூடையை நோக்கி வந்து டிரிபிளை முடித்தவர், ஃபவுலை வாங்கிக்கொண்டே அந்த அடியை முடித்தோ பிவட் செய்தோ (ஒரு காலை ஊன்றியபடியே திரும்பியோ) ஷாட் போட்டால் கூடை கணக்கில் சேரும். முன்பு ஷாட் அசைவு தொடங்கியிருந்தால்தான் சேரும். அதனால் கொஞ்சம் முன்னதாகவே இழுத்துப் பிடித்து இரண்டு புள்ளியை மிச்சப்படுத்தலாம். இப்போது அதே ஃபவுல் கூடையும் கொடுத்து, மேலே ஒரு ஃப்ரீ த்ரோவும் கொடுக்கும். பிடிப்பதானால் டிரிபிள் முடிவதற்கு முன் பிடியுங்கள், இல்லையென்றால் கையை எடுத்துவிடுங்கள். பாய்பவருக்கான பயிற்சி எளிது: பந்தைக் கையில் எடுக்கும்போது இடுப்பில் பேடால் இடித்து, விசிலும் ஊதி, இருந்தும் ஷாட்டை முடிக்கச் சொல்லுங்கள். விசில் கேட்டதும் நின்றுவிடுபவர்கள்தான் இந்த விதியின் பலனை இழக்கிறார்கள். ஒரு அடி கூடுதலாக வைத்தாலும் பலன் போய்விடும்.

ஆண்கள் ஆட்டத்தையும் இரண்டு பாதியிலிருந்து நான்கு குவார்ட்டராக்க வேண்டும் என்ற பேச்சு நெடுநாளாக இருக்கிறது. பெண்கள் ஆட்டம் 2015-16லேயே 10 நிமிடக் குவார்ட்டருக்கு மாறிவிட்டது. ஆண்களுக்கு 2018இல் என்ஐடி என்ற கல்லூரித் தொடரில் சோதித்தார்கள். இங்கே கணக்குப் போட்டே ஆக வேண்டும். பாதி முறையில் ஒரு பாதிக்கு 6 அணி ஃபவுல் வரை தண்டனை ஃப்ரீ த்ரோ இல்லை. 7ஆவதிலிருந்து ஒன்-அண்ட்-ஒன் (முதல் த்ரோ விழுந்தால்தான் இரண்டாவது), 10இலிருந்து இரண்டு த்ரோ. பெண்கள் குவார்ட்டர் முறையில் 5ஆவதிலிருந்தே இரண்டு த்ரோ, அடுத்த குவார்ட்டரில் கணக்கு மீண்டும் பூஜ்யம். அதாவது ஆட்டம் முழுக்கத் தாங்கும் ஃபவுல் 12 அல்ல, 16. ஆனால் ஒன்-அண்ட்-ஒன் ஒழிந்துவிடும். 60 சதவீதம் போடுபவரை ஒன்-அண்ட்-ஒன்னுக்கு அனுப்பினால் சராசரியாக 0.96 புள்ளி போகும். இரண்டு த்ரோ என்றால் 1.20. பின்தங்கிய அணி கடைசியில் பலவீனமானவரைத் தேடிப்பிடித்து ஃபவுல் செய்யும் உத்தி அந்த அளவுக்கு விலை ஏறிவிடும். மூன்று ஃபவுல் ஆனதும் பெஞ்சிலிருந்து ஒருவர் உரக்கச் சொல்ல வேண்டும். பலகையைப் பார்க்கச் சொல்லி விட்டுவிட்டால் யாரும் பார்ப்பதில்லை.

பகுதி முடிவுகளும் இரண்டிலிருந்து நான்காகும். ஷாட் கிளாக் (ஒரு அணி ஷாட் போட்டாக வேண்டிய நேரம்) 30 விநாடி என்பதால், 38 முதல் 42 விநாடி மீதமிருக்கும்போது ஷாட் போனால் எதிரணி முழு நேரத்தை எடுத்தாலும் கடைசி ஐந்து விநாடியாவது உங்களுக்கு மிஞ்சும். ஒவ்வொரு பயிற்சியிலும் கடிகாரத்தை 45இல் வைத்து இதை இரண்டு தடவை ஓட்டுங்கள். 35இல் அவசரமாக எறிந்துவிட்டு, இரண்டாவது வாய்ப்பும் இல்லாமல் நிற்பதுதான் வழக்கமான பிழை.

கோடுகள் நகர்வதற்கு அவ்வளவு கவலை வேண்டாம். 2019-20இல் ஆண்களின் த்ரீ பாயிண்ட் கோடு 20 அடி 9 அங்குலத்திலிருந்து 22 அடி 1¾ அங்குலத்துக்குப் போனது; புதுக் கோட்டில் காலை வைத்து எறிந்து பழகினால் போதும். மூலையில் மட்டும் கவனம்: அங்கே பக்கவாட்டுக் கோட்டுக்கும் இதற்கும் நடுவே இடம் குறைந்துவிட்டதால், பந்தை வாங்கும்போதே குதிகால் வெளியே போகிறது.

பயிற்சியாளர் சேலஞ்சும் (நடுவர் தீர்ப்பை வீடியோவில் பார்க்கச் சொல்லிக் கேட்பது) 2025-26இல் ஆண்கள் ஆட்டத்துக்கு வந்தது. டைம்-அவுட் கையில் இருந்தால்தான் கேட்க முடியும். ஜெயித்தால் இன்னொன்று கிடைக்கும், தோற்றால் அன்றைக்கு அவ்வளவுதான். பந்து யார் கைபட்டு வெளியே போனது, கூடைக்கு மேல் பந்தைத் தொட்டது, வளைவுக்குள் நின்ற உதவித் தடுப்பாளர் ஆகிய மூன்றுக்கும் கேட்கலாம். பின்னிரண்டையும் கடைசி 2 நிமிடத்தில் நடுவர்களே வீடியோவில் பார்க்க முடியும். வெளியே போன பந்தை, சேலஞ்ச் கேட்டாலொழியப் பார்க்கமாட்டார்கள். ஆகவே முதல் பாதிக் கோபத்தில் அதைச் செலவழிக்காமல், ஒரு டைம்-அவுட்டோடு சேர்த்துக் கடைசிவரை வைத்திருங்கள். கேட்கலாமா வேண்டாமா என்று சொல்லும் பொறுப்பை ஒரே ஒரு உதவிப் பயிற்சியாளரிடம் கொடுங்கள்.