பழவேற்காட்டு முகத்துவாரத்தில் மிதக்கும் விசையாழி: வெள்ளோட்டம் விடும் முறை

ஆரம்பாக்கத்தில் படகு இன்ஜின் பழுது பார்ப்பது என் தொழில். கல்லூரிப் பிள்ளைகள் சிலர் ஓதநீரில், அதாவது கடல் ஏறி இறங்கும்போது ஓடும் நீரில், மின்சாரம் எடுக்க ஒரு மிதக்கும் விசையாழி (டர்பைன்) செய்தார்கள். ஒரு மீட்டர் விட்டத்தில் சுழலி, இருபுறமும் காலி டிரம், மேலே காந்த ஜெனரேட்டர். அதை ஓட்டிப் பார்த்ததில் கற்றதை எழுதுகிறேன்.

முதலில் தண்ணீரை அளந்துவிடுங்கள். 20 மீட்டர் இடைவெளியில் இரண்டு மூங்கில் ஊன்றி, கழுத்து மட்டும் வெளியே தெரிகிற அளவு தண்ணீர் நிரப்பிய பாட்டிலை மிதக்க விடுங்கள். காலி பாட்டில் என்றால் காற்று தள்ளிவிடும். 20 விநாடியில் கடந்தால் வேகம் விநாடிக்கு 1 மீட்டர். ஓர் ஏற்றத்திலிருந்து அடுத்த ஏற்றம்வரை சுமார் 12 மணி 25 நிமிடம். அது முழுக்கக் கால் மணிக்கு ஒருமுறை குறியுங்கள். ஓட்டம் வலுக்கும் அமாவாசை முடிந்து ஒருநாள், ஓட்டம் தளரும் அஷ்டமி நவமியை ஒட்டி ஒருநாள் என இரண்டு முறை. வேகம் பாதியானால் மின்சாரம் எட்டில் ஒன்றாகிவிடும் என்பதால் இந்தக் கணக்கில் சோம்பல் கூடாது. எங்கள் அளவுச் சுழலிக்கு 1 மீட்டர் வேகத்தில் ஓடும் நீரில் 400 வாட் இருக்கிறது. மூன்றில் ஒரு பங்கு கிடைத்தாலே நல்ல வேலை.

அடுத்தது இழுத்துப் பார்ப்பது. நங்கூரம் போட அவசரம் வேண்டாம். தண்ணீர் நிற்கும் நேரத்தில் ஃபைபர் படகில் 30 மீட்டர் கயிறு கட்டி இழுங்கள். கயிறு குட்டையானால் படகு இன்ஜின் கிளப்பும் நீர் சுழலியில் அடிக்கும். போகும்போதும் வரும்போதும் ஜிபிஎஸ் வேகம் பார்த்து சராசரி எடுங்கள். கயிற்றின் நடுவே மீன் எடை போடும் தொங்கு தராசை மாட்டினோம். சுழலி மட்டுமே 1 மீட்டர் வேகத்தில் ஏறத்தாழ 35 கிலோ இழுக்கும், வேகம் இரட்டித்தால் அது நான்கு மடங்கு. நங்கூரத்தின் அளவை அந்தத் தராசுதான் சொல்லும். ஜெனரேட்டருக்குச் சுமையாக ஒரு பல்பு இணைக்காமல் சுழலியைச் சுழல விடவே விடாதீர்கள், கட்டுமீறி ஓடும். நிறுத்த வேண்டுமானால் ஜெனரேட்டரின் மூன்று ஒயர்களையும் சேர்த்துவிடும் ஸ்விட்ச் கைக்கெட்டும் இடத்தில் இருக்கட்டும்.

அப்புறம்தான் நங்கூரம். நாங்கள் ஒற்றை நங்கூரத்தில் விட்டோம். வலை பார்க்க வந்த பெரியவர் ஒருவர், "தண்ணி திரும்புற நேரம்தான் கயிறு மாட்டும் பாரு தம்பி" என்றார். அப்படியே ஆனது. ஓதம் திரும்பியதும் மிதவை அரைவட்டம் அடித்து, நங்கூரக் கயிறும் மின்கேபிளும் முறுக்கிக்கொண்டு கேபிள் பிய்ந்தது. மறுவாரம் முன்னும் பின்னும் ஒவ்வொரு நங்கூரம் போட்டோம், கயிறு ஆழத்தைப்போல் ஐந்து மடங்குக்குக் குறையாமல். ஸ்காட்லாந்தின் ஆர்க்னி தீவுகளில் 2021-ல் மின்சாரம் தரத் தொடங்கிய ஓ2 என்ற 74 மீட்டர் நீள, 2 மெகாவாட் மிதவையையும் நான்கு நங்கூரங்கள்தான் பிடித்து நிறுத்துகின்றன.

பழவேற்காடு ஏரி பறவைகள் சரணாலயம், அதனால் வனத்துறை அனுமதி வாங்குங்கள். பாடு (முறைவைத்து மீன்பிடிக்கும் உரிமை) வைத்திருக்கும் மீனவர்களிடம் இடமும் நாளும் முன்கூட்டியே சொல்லுங்கள். அவர்கள் வலை விரிக்கும் நாளில் அந்தப் பக்கமே போகக் கூடாது. இரவில் விளக்கு இல்லாமல் எதையும் மிதக்க விடாதீர்கள்.

கரையேற்றியதும் நல்ல தண்ணீரில் கழுவி, பேரிங்கைக் கையால் சுற்றிப் பாருங்கள். கரகரவென்றால் சீல் வழியே உப்புநீர் புகுந்துவிட்டது. மாற்றாமல் மறுபடி இறக்காதீர்கள்.