ஸ்வீடிஷ் வாக்கியத்தில் வினைக்கு ஒதுக்கிய இடம்: கற்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஸ்டாக்ஹோமுக்கு வேலைக்காக வந்து இறங்கும் நம்மவர்களுக்கு மாலை நேரங்களில் ஸ்வீடிஷ் சொல்லித்தருகிறேன். முகங்கள் மாறுகின்றன, தவறுகள் மாறுவதில்லை. நான் படித்த காலத்தில் என் நோட்டில் சிவப்பு மையால் சுழிக்கப்பட்டவை அப்படியே இவர்கள் நோட்டிலும் வந்து உட்கார்ந்திருக்கின்றன. எழுத்துப்பிழையும் உச்சரிப்பும் நாளடைவில் தேறிவிடும். தானாகத் தேறாதவற்றை மட்டும் இங்கே சொல்கிறேன்.

வினையை இரண்டாம் இடத்திலிருந்து தள்ளிவிடுவது

இதைத்தான் என்னால் இன்றுவரை பொறுத்துக்கொள்ள முடியவில்லை. ஸ்வீடிஷில் ஒரு செய்தியைச் சொல்லும் வாக்கியத்தில் காலம் காட்டும் வினை இரண்டாம் இடத்தில்தான் நிற்கும். ‘யாக் லேஸ்டே பூக்கன் இகோர்’ என்றால் நான் நேற்று அந்தப் புத்தகத்தைப் படித்தேன். ‘நேற்று’ என்ற ‘இகோர்’ முன்னால் வந்தால், ‘இகோர் லேஸ்டே யாக் பூக்கன்’ என்றாக வேண்டும். நம்மவர்கள் எழுதுவதோ ‘இகோர் யாக் லேஸ்டே பூக்கன்’. பந்தியில் இரண்டாவது இலை வினைக்கு என்று ஒதுக்கியாகிவிட்டது. முதல் இலையில் யார் வந்து உட்கார்ந்தாலும், நகர வேண்டியவர் எழுவாய்தான்.

இதற்குத் தமிழ்மீது பழி போடுகிறார்கள். அது அபாண்டம். தமிழில் வினை கடைசியில் வரும். அதை யாரும் ஸ்வீடிஷிலும் கடைசியில் கொண்டுபோய் வைப்பதில்லை. பள்ளியில் படித்த ஆங்கிலம்தான் இங்கே குறுக்கே வருகிறது. தமிழால் வருவது வேறொரு அலட்சியம். ‘படித்தேன்’ என்றாலே யார் படித்தது என்பது விகுதியில் தெரிந்துவிடுவதால், சொற்களை எப்படிப் புரட்டிப் போட்டாலும் பொருள் குலையாது என்று நாம் பழகியிருக்கிறோம். ஸ்வீடிஷ் வினையில் அந்த விகுதி கிடையாது. நான், நீ, அவர்கள் எல்லோருக்கும் ‘லேஸ்டே’தான். ஆகவே இடம்தான் பேசுகிறது. ‘டூ கொம்மெர்’ என்றால் நீ வருகிறாய். ‘கொம்மெர் டூ’ என்றால் நீ வருகிறாயா?

இடம் என்பது சொல்லின் எண்ணிக்கை அல்ல. ‘மின் கம்லா க்ரன்னே இ உப்சாலா’, அதாவது உப்சாலாவில் இருக்கும் என் பழைய பக்கத்து வீட்டுக்காரர், முழுவதும் ஒரே இடம்தான். விரல்விட்டு எண்ணுகிறவர்கள் இங்கே சிக்குவார்கள். ‘இகோர்’ என்பதை ‘இ கோர்’ என்று பிரித்தும் எழுதுவது உண்டு. ‘கோர்’ என்பதற்குத் தனியாகப் ‘போகிறது’ என்ற பொருளும் இருப்பதால், ஒரு மாணவி அதையே வினை என்று எடுத்துக்கொண்டு, இரண்டாம் இடம் நிரம்பிவிட்டது என்று நிம்மதியாக ‘யாக்’ எழுதினார். வினை இரண்டு சொல்லாக வந்தால் காலம் காட்டும் சொல் மட்டுமே இரண்டாம் இடத்துக்குப் போகும்: ‘இமொர்ரொன் ஸ்கா யாக் லேஸா’, நாளை நான் படிப்பேன்.

பெரும் சேதம் துணை வாக்கியம் முன்னால் வரும்போதுதான். வீட்டுக்கு வந்ததும் தூங்கினேன் என்பதற்கு ‘நேர் யாக் கொம் ஹெம் ஸோவ் யாக்’. முதல் நான்கு சொற்களும் சேர்ந்து ஓர் இடம், அடுத்தது ‘ஸோவ்’ என்ற வினை. ஆனால் கற்பவர் ‘ஹெம்’ எழுதியதும் ஒரு கமா போடுகிறார், மூச்சு விடுகிறார், புது வாக்கியம் தொடங்குவதுபோல் ‘யாக் ஸோவ்’ என்கிறார். அந்தக் கமாவும் ஆங்கிலத்தின் சீதனம்தான். ஸ்வீடிஷில் இந்த இடத்தில் பொதுவாகக் கமா போடுவதில்லை. கமாவை அழிக்கச் சொன்னதுமே பலருக்கு வரிசை நேராகிவிடுவதைப் பார்த்திருக்கிறேன்.

ஷீஸ்தாவில் வேலை பார்க்கும் ஒருவர் தன் விண்ணப்பக் கடிதத்தை எனக்குக் காட்டினார், அனுப்பிய பிறகு. சொல்வளம் அருமை, பால் பிழையே இல்லை. ஆனால் பத்திக்குப் பத்தி ‘நேர்’ என்று தொடங்கி, கமா போட்டு, ‘யாக்’ என்று தொடர்ந்திருந்தார். நேர்காணலில் இரண்டு நிமிடம் ஸ்வீடிஷில் பேசிவிட்டு, எதிரே இருந்தவர் ஆங்கிலத்துக்கு மாறிவிட்டாராம். எப்போதும் இப்படித்தான். புரிந்துவிடுவதால் யாரும் திருத்துவதில்லை. சிரித்தபடி ஆங்கிலத்துக்குப் போய்விடுகிறார்கள். திருத்தாத தவறு நாக்கில் உறைந்துவிடுகிறது.

குடியேறிய குடும்பங்கள் அதிகம் வாழும் ஸ்டாக்ஹோமின் ரிங்கெபி பகுதி இளைஞர்களின் பேச்சில் இப்படி வரிசை மாறாமல் வருவதை மொழியியலாளர்கள் 1980களிலேயே பதிவு செய்திருக்கிறார்கள். அது அங்கே வளர்ந்தவர்களின் பேச்சு, குறை சொல்ல நான் யார்? விண்ணப்பக் கடிதத்தில் மட்டும் வேண்டாம்.

வாக்கியம் எல்லாவற்றையும் ‘யாக்’ என்றே தொடங்கித் தப்பிக்கிறவர்களுக்கு ஒரு வேலை. ஒரு பக்கம் நாட்குறிப்பு எழுதுங்கள், ஒரு வாக்கியம்கூட ‘யாக்’ என்று தொடங்கக் கூடாது.

‘ஸோ’வும் ‘டேர்ஃபொர்’ரும் ஒன்று என்று நினைப்பது

இரண்டுக்கும் ‘அதனால்’ என்று குறித்துவைத்துக்கொள்கிறார்கள். மழை பெய்கிறது, அதனால் வீட்டிலேயே இருக்கிறேன் என்பதை ‘டே ரெங்னர் ஸோ யாக் ஸ்டன்னர் ஹெம்மா’ எனலாம். இந்த ‘ஸோ’ இணைப்புச் சொல், இடம் பிடிக்காது. ‘டேர்ஃபொர்’ இடம் பிடிக்கும். ஆகவே ‘டேர்ஃபொர் ஸ்டன்னர் யாக் ஹெம்மா’.

‘இன்ட்டே’யை ஒரே இடத்தில் வைப்பது

‘ஹன் கொம்மெர் இன்ட்டே’, அவன் வரவில்லை. ஆனால் துணை வாக்கியத்துக்குள் போனதும் ‘இன்ட்டே’ வினைக்கு முன்னால் தாவுகிறது: ‘ஹன் ஸேயெர் அட் ஹன் இன்ட்டே கொம்மெர்’, தான் வரவில்லை என்கிறான். குடியேறியவர்களுக்கான எஸ்.எஃப்.ஐ வகுப்புகளில் இதைப் ‘பிஃப்’ விதி என்று சொல்லித்தருவார்கள். விதியை ஒப்பிக்கத் தெரிந்தவர்களே பேசும்போது கோட்டைவிடுகிறார்கள். ‘அட்’ என்று வாய் திறந்தால் அடுத்து யார், உடனே ‘இன்ட்டே’ என்று சந்தம்போல் பழகிக்கொள்ளுங்கள்.

முதலில் வினை வந்தால் கேள்வி என்று முடிவு கட்டுவது

அடுக்குமாடிக் குடியிருப்பின் பொதுச் சலவை அறையில் ஒரு சீட்டு: ‘ஏர் மஷீனென் ட்ராஸிக், ரிங்’, கீழே பராமரிப்பாளரின் எண். இயந்திரம் பழுதா என்று என்னையே கேட்கிறார்களே என்று ஒருவர் குழம்பினார். அது கேள்வி அல்ல. பழுதானால் அழைக்கவும் என்று பொருள். ‘ஆல்’ என்ற நம் விகுதியின் வேலையை இங்கே வினையின் முதலிடம் செய்கிறது.

‘என்’, ‘எட்’ இரண்டையும் குழப்புவது

இரண்டுக்கும் ‘ஒரு’ என்றுதான் பொருள்; எது வரும் என்பது பெயர்ச்சொல்லின் பாலைப் பொறுத்தது. பெயர்ச்சொல்லோடு சேர்த்தே மனப்பாடம் செய்யுங்கள். குறுக்குவழி இல்லை.

‘ஸின்’னைக் கண்டு பயப்படுவது

ஆங்கிலம் வழியாகக் கற்பதால் வரும் வீண் பயம். ‘ஸின்’ நம் ‘தன்’; ‘ஹன்ஸ்’ நம் ‘அவனுடைய’. அவன் தன் மனைவியோடு வருகிறான்: ‘மேட் ஸின் ஃப்ரூ’. அவனும் அவன் மனைவியும் வருகிறார்கள்: ‘ஹன் ஓ ஹன்ஸ் ஃப்ரூ’. ‘அவனும் தன் மனைவியும்’ என்று எழுதத் தமிழ்க் காதே ஒப்பாது. அந்தக் காதை நம்புங்கள்.

மரியாதைக்கு ‘நீ’ போடுவது

ஸ்வீடிஷ் ‘நீ’ பன்மை, நம் ‘நீங்கள்’. முதலாளியாக இருந்தாலும் ஒருவருக்கு ‘டூ’தான். 1967இல் மருத்துவ நிர்வாகத் துறையின் தலைவராக வந்த ப்ரூர் ரெக்ஸேட், ஊழியர்கள் எல்லோரையும் ‘டூ’ என்றே அழைக்கப்போவதாக அறிவித்தார். அந்தப் பழக்கம் நாடு முழுக்கப் பரவி நிலைத்துவிட்டது. நம் கை கூசத்தான் செய்யும், கூசட்டும்.

‘ஹெல்ஸா போ’வில் அழுத்தம் தப்புவது

‘ஹெல்’லை அழுத்தினால் வணக்கம் சொல்வது. ‘போ’வை அழுத்தினால் வீட்டுக்குப் போய்ப் பார்ப்பது. சனிக்கிழமை வருகிறேன் என்று சொல்ல நினைத்து முதல் அசையை அழுத்தியவருக்கு, ‘சரி, எனக்கும் வணக்கம்’ என்று பதில் வந்தது.