ஓடாமலே ஓடும் சொல்: 'ரன்' பழகுவது எப்படி?

முதல் வேலையில் சேர்ந்து பத்து நாள் இருக்கும். மேலாளர் ஒரு கவரைக் கையில் கொடுத்து, "கேன் யூ ரன் திஸ் ஓவர் டு அக்கவுன்ட்ஸ்?" என்றார். மூன்றாவது மாடியிலிருந்து தரைத்தளத்துக்கு நிஜமாகவே ஓடினேன். கணக்குப் பிரிவில் இருந்த அக்கா கவரை வாங்கிக்கொண்டு, "ஏன் தம்பி இப்படி மூச்சு வாங்குது? லிஃப்ட் வேலை செய்யலையா?" என்று கேட்டார். ராத்திரி வீட்டில் அகராதியைப் புரட்டினால் 'ரன் ஓவர்' என்பதற்கு 'வண்டி ஏற்றிவிடுதல்' என்று போட்டிருந்தது. அப்படியென்றால் கவர் மேல் வண்டி ஏற்றச் சொன்னாரா? "இதைக் கொஞ்சம் கொண்டுபோய்க் கொடுத்துட்டு வர்றியா" என்பதைத்தான் அவர் அப்படிச் சொன்னார் என்று புரியச் சில மாதங்கள் ஆயின.

இந்தக் குழப்பத்துக்கு வெட்கப்பட வேண்டியதில்லை. ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதியின் புதிய பதிப்புக்காக இந்தச் சொல்லை எடுத்துக்கொண்ட பீட்டர் கில்லிவர் என்ற அகராதியியலாளருக்கே ஒன்பது மாதம் பிடித்தது. வினைச்சொல்லாக மட்டும் அவர் பிரித்தெடுத்த பொருள்கள் 645. அதற்கு முன்னால், 1989-இல் வந்த இரண்டாம் பதிப்பில், 'செட்' என்ற சொல்தான் 430 பொருள்களோடு முதலிடத்தில் இருந்தது.

645-ஐயும் மனப்பாடம் செய்யச் சொல்லப்போவதில்லை. தமிழ் தெரிந்தவருக்கு இதில் பாதி ஏற்கெனவே தெரியும் என்பதுதான் என் கட்சி. நம்முடைய 'ஓடு' எதுவரை 'ரன்'னோடு சேர்ந்து போகிறது, எந்த இடத்தில் பிரிகிறது என்று பார்த்துக்கொண்டால் போதும். ஆங்கில வாக்கியங்களையும் தமிழ் எழுத்திலேயே தருகிறேன். வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள், கண்ணைவிடக் காதுக்குச் சீக்கிரம் பிடிபடும்.

படி 1: தமிழில் என்னவெல்லாம் ஓடுகிறது?

ஒரு தாளை எடுத்து, நேற்றிலிருந்து நீங்கள் 'ஓடு' என்று சொன்ன இடங்களை எழுதுங்கள். பஸ் ஓடுது, தண்ணி ஓடுது, ஃபேன் ஓடுது, படம் ஓடுது, கடை ஏதோ ஓடுது, ஒரே யோசனையா ஓடுது, ரெண்டு பேரும் ஓடிப்போயிட்டாங்க. இதில் எதற்காவது கால் இருக்கிறதா? கடைசி ஜோடியைத் தவிர எதற்கும் இல்லை. அவர்கள்கூடப் பெரும்பாலும் பஸ்ஸில்தான் போயிருப்பார்கள்.

இதே பட்டியலை ஆங்கிலத்தில் போட்டுப் பாருங்கள். பஸ் 'ரன்ஸ்', தண்ணீர் 'ரன்ஸ்', இயந்திரம் 'ரன்ஸ்'. படம் நூறு நாள் ஓடியது என்றால் 'ரான் ஃபார் எ ஹன்ட்ரட் டேஸ்'. ஒரு பாட்டு மனதுக்குள் ஓடிக்கொண்டே இருந்தால் 'ரன்னிங் த்ரூ மை ஹெட்'. ஓடிப்போனவர்கள் 'ரான் அவே'. கைக்கடிகாரம் ஐந்து நிமிடம் வேகமாக ஓடினால் 'ரன்னிங் ஃபைவ் மினிட்ஸ் ஃபாஸ்ட்'. இவ்வளவும் படிக்காமலே கிடைத்த சொத்து.

இன்னொரு ஒற்றுமையைப் பார்த்தபோது சிரித்துவிட்டேன். இலங்கைத் தமிழில் பேதிக்கு 'வயிற்றோட்டம்' என்பார்கள். ஆங்கிலத்தில் பேச்சுவழக்கில் அதற்குப் பெயர் 'தி ரன்ஸ்'. கிரிக்கெட் ஸ்கோர் கேட்கும்போது 'தி'யைக் கொஞ்சம் பார்த்துப் போடவும்.

படி 2: பிரியும் இடங்களைச் சிவப்பு மையில் குறியுங்கள்

சறுக்கல் இங்கேதான் நடக்கும். தமிழில் ஓடும் சில விஷயங்கள் ஆங்கிலத்தில் ஓடாது. "எனக்கு ஒண்ணும் ஓடலை", "கை கால் ஓடலை" இரண்டையும் 'ரன்' வைத்துச் சொன்னால் எதிரே இருப்பவர் விழிப்பார். 'ஐ கான்ட் திங்க் ஸ்ட்ரெய்ட்' என்று சொல்லிவிடுங்கள். வண்டி நாற்பதாயிரம் கிலோமீட்டர் ஓடியிருக்கிறது என்பதை நம் ஊர் விளம்பரங்களில் 'ரன்' போட்டு எழுதுகிறார்கள். வெளியூர்க்காரர் 'ஹேஸ் டன்' என்பார். ஓடும் பஸ்ஸில் ஏறாதே என்பதை 'ரன்னிங் பஸ்' என்று சொல்வதும் நம்முடைய ஆங்கிலம்தான், மற்ற இடங்களில் அது 'மூவிங் பஸ்'. இதையெல்லாம் பிழை என்று அடித்துத் திருத்த எனக்கு மனம் வராது. இந்தியாவுக்குள் எல்லோருக்கும் புரிகிறது. ஆனால் தேர்விலோ நேர்முகத்திலோ பேசும்போது வித்தியாசம் தெரிந்திருப்பது நல்லது.

மறுபக்கமும் உண்டு. ஆங்கிலத்தில் ஓடுவது தமிழில் வேறு வேலை செய்யும். நமக்கு மூக்கு ஒழுகும், அவர்களுக்கு 'ரன்ஸ்'. 'ரன்னிங் நோஸ்' என்று பலர் சொல்கிறார்கள், வழக்கில் இருப்பது 'ரன்னி நோஸ்'. நமக்குக் காய்ச்சல் அடிக்கும், அவர்கள் 'ரன்னிங் எ டெம்பரேச்சர்'. புதுச் சுங்குடிச் சேலையை வெள்ளைச் சட்டையோடு ஊறப்போட்டால் நமக்குச் சாயம் போகும், அவர்களுக்கு 'தி கலர் ரான்'. சர்க்கரை வியாதி நம் குடும்பத்தில் பரம்பரையாக வரும், அவர்களுக்கு 'ரன்ஸ் இன் தி ஃபேமிலி'. இந்த நாலைந்தையும் கூர்ந்து பாருங்கள். சளி, சாயம், வம்சம் எல்லாமே ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்கு வழிந்து போகிற விஷயங்கள். தண்ணீர் மாதிரி வழிந்து போவதெல்லாம் ஆங்கிலத்தில் 'ரன்'. இந்த ஒரு படத்தை மனதில் வைத்துக்கொண்டால் புதிய வாக்கியங்களில் பாதியை ஊகித்துவிடலாம்.

தேர்தல் விஷயம் தனி ருசி. தமிழில் தேர்தலில் 'நிற்கிறோம்'. பிரிட்டிஷ் ஆங்கிலத்திலும் 'ஸ்டாண்ட் ஃபார் எலெக்ஷன்' என்று நிற்கிறார்கள். அமெரிக்கர்கள் மட்டும் 'ரன் ஃபார் ப்ரெசிடென்ட்' என்று ஓடுகிறார்கள். அமெரிக்கச் செய்தியில் ஒருவர் 'ரன்னிங்' என்று வந்தால் அவர் வேட்பாளர் என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

படி 3: பின்னால் ஒரு பொருள் வருகிறதா என்று பாருங்கள்

தமிழில் தானே நடந்தால் 'ஓடு', இன்னொருவர் செய்தால் 'ஓட்டு' அல்லது 'நடத்து'. ஆங்கிலம் இந்தச் சிரமத்தை எடுத்துக்கொள்ளவில்லை, இரண்டுக்கும் 'ரன்' தான். ஆகவே 'ரன்' என்ற சொல்லுக்கு அடுத்து உடனே ஒரு பெயர்ச்சொல் வந்தால், 'ஓடு'வைக் கீழே வைத்துவிட்டு 'நடத்து' என்பதைப் பொருத்திப் பாருங்கள். 'ஷி ரன்ஸ் எ மெஸ்' என்றால் அவர் மெஸ் நடத்துகிறார். 'ரன் எ டெஸ்ட்' என்றால் சோதனை செய். 'ரன் தி ப்ரோகிராம்' என்பதைக் கணினி வகுப்பில் யாரும் மொழிபெயர்ப்பதே இல்லை, 'ரன் பண்ணு' என்று விட்டுவிடுகிறோம். அதுவே போதும்.

ஒரு பள்ளம் இருக்கிறது. வண்டி ஓட்டுவதற்கு 'ரன்' வராது. "நான் பைக் ஓட்டுவேன்" என்பதை 'ஐ ரன் எ பைக்' என்றால், பைக் வைத்துப் பராமரிக்கிறேன் என்பது போலக் கேட்கும். பைக்குக்கு 'ரைட்', காருக்கு 'ட்ரைவ்'. 'ஹி ரன்ஸ் டூ பஸ்ஸஸ்' என்றால் அவர் ஓட்டுநர் இல்லை, முதலாளி. நம் ஊரில் "அவர் ரெண்டு பஸ் விடுறார்" என்கிறோமே, அதேதான்.

படி 4: வாலைப் பிடியுங்கள்

'ரன்' என்ற சொல்லுக்குப் பின்னால் 'அவுட்', 'இன்டு', 'ஓவர்', 'அப்' என்று ஒரு வால் ஒட்டிக்கொண்டால் பொருள் தலைகீழாக மாறும். எல்லா வாலும் இப்போதே வேண்டாம். முதல் மாதத்துக்கு மூன்று போதும்.

முதலாவது 'ரன் அவுட்'. கிரிக்கெட்டில் ஆட்டக்காரர் கோட்டுக்கு வருமுன் ஸ்டம்ப் விழுவது. வீட்டில் ஏதாவது தீர்ந்துபோவது. 'வி ஹேவ் ரன் அவுட் ஆஃப் மில்க்' என்றால் பால் தீர்ந்துவிட்டது. இரண்டையும் பிரித்துக் காட்டுவது 'ஆஃப்'. அது இருந்தால் ஏதோ காலி. இந்த வாக்கியத்தில் 'ஹேவ்' என்ற சொல்லுக்குப் பிறகு 'ரான்' என்று நாக்கு போகும், தடுத்து நிறுத்துங்கள். வரிசை 'ரன், ரான், ரன்'. நேற்று நடந்ததற்குத் தனியாக வந்தால் 'ரான்'. 'ஹேவ்', 'ஹேஸ்', 'ஹேட்' மூன்றில் ஒன்று முன்னால் நின்றால் திரும்ப 'ரன்'.

இரண்டாவது 'ரன் இன்டு'. கார் மரத்தின் மேல் 'ரான் இன்டு' என்றால் மோதியது. அதே சொல்லை மனிதருக்குப் போட்டால் எதேச்சையாகச் சந்தித்தது. "உங்க அப்பாவை பேங்க்ல பார்த்தேன்" என்பதை 'ஐ ரான் இன்டு யுவர் டாட் அட் தி பேங்க்' என்று ஒரு நண்பர் தட்டிவிட்டால், பதறி அப்பாவுக்குப் போன் போட வேண்டாம்.

மூன்றாவது என் பழைய எதிரி 'ரன் ஓவர்'. முழு விவரம் பின்னால் தெரிந்தது. நாயோ ஆளோ அடிபட்டால் வண்டி ஏறிவிட்டது என்று பொருள். கூட்டம் 'ரான் ஓவர்' என்றால் குறித்த நேரத்தைத் தாண்டி இழுத்துவிட்டது. நடுவில் ஒரு பொருளும், கடைசியில் 'டு' போட்டு ஓர் இடமும் வந்தால், கொண்டுபோய்க் கொடு. வால் ஒன்றுதான், பக்கத்தில் யார் நிற்கிறார்கள் என்பதை வைத்துத்தான் பொருள். அலுவலகத்தில் அடிக்கடி காதில் விழும் 'லெட் மீ ரன் திஸ் பை யூ' என்பதையும் இப்போதே சேர்த்துக்கொள்ளுங்கள். "இதை உங்க காதுல போட்டு வைக்கிறேன், என்ன நினைக்கிறீங்கன்னு சொல்லுங்க" என்று அர்த்தம்.

படி 5: பெயர்ச்சொல்லாக வரும்போது

இதைச் சுருக்கமாகவே பார்க்கலாம். கிரிக்கெட் ரன் எல்லோருக்கும் தெரியும். தமிழ்நாட்டுப் பத்திரிகைகள் 'ரன்' என்றே எழுதுகின்றன, இலங்கைப் பத்திரிகைகள் 'ஓட்டம்' என்று அழகாக எழுதுகின்றன. பந்து எல்லைக்கோட்டைத் தாண்டினால் ஓடாமலே நாலு ஓட்டம் கிடைப்பது வேறு வேடிக்கை.

நாடகம் தொடர்ந்து நடப்பதும் 'ரன்' தான். லண்டனில் 1952-இல் தொடங்கிய ஒரு துப்பறியும் நாடகம் கொரோனாவுக்காக 2020 மார்ச்சில் நிற்கும்வரை மேடையை விட்டு இறங்கவில்லை. மறு ஆண்டு மே மாதம் திரும்பவும் ஆரம்பித்துவிட்டார்கள்.

செய்தித்தாளில் 'பேங்க் ரன்' என்று பார்த்தால் அது மாரத்தான் போட்டி இல்லை. வங்கி மூழ்கப்போகிறது என்ற பயத்தில் எல்லோரும் ஒரே சமயத்தில் பணத்தை எடுக்க முண்டியடிப்பது. 2007 செப்டம்பரில் பிரிட்டனின் நார்தர்ன் ராக் வங்கிக் கிளைகளின் வாசலில் அப்படித்தான் நீள வரிசை நின்றது. வரிசையில் நின்றவர்களில் ஒருவரும் ஓடவில்லை என்பதைக் கவனியுங்கள்.

'இன் தி லாங் ரன்' என்றால் போகப்போக. 'த்ரீ டேஸ் ரன்னிங்' என்றால் விடாமல் மூன்று நாள். 'ட்ரையல் ரன்' என்பது வெள்ளோட்டம். இதில் தமிழும் ஓட்டத்தைக் கைவிடவில்லை.

படி 6: ஒரு செய்தியைப் பிரித்துப் பார்ப்போம்

அறையில் கூடத் தங்கியிருக்கும் நண்பர் வெளியிலிருந்து இப்படி அனுப்பியிருக்கிறார் என்று வையுங்கள்:

"ரன்னிங் லேட், சாரி. ரான் இன்டு ரவி அட் தி பஸ் ஸ்டாண்ட். வி ஹேவ் ரன் அவுட் ஆஃப் காஃபி பவுடர். குட் யூ ரன் டு தி ஷாப்? அண்ட் ஐ திங்க் ஐ லெஃப்ட் தி மோட்டர் ரன்னிங்."

ஐந்து ரன். முதலாவதைப் பார்த்ததும் ஸ்டேஷன் ஒலிபெருக்கி ஞாபகம் வர வேண்டும். 'ரன்னிங் லேட் பை தர்ட்டி மினிட்ஸ்' என்று ரயிலுக்குச் சொல்வார்களே, அதுவேதான். ரயில் எங்கோ சிக்னலில் நின்றுகொண்டிருந்தாலும் 'ரன்னிங் லேட்' தான், மனிதர் பஸ் ஸ்டாண்டில் டீ குடித்துக்கொண்டிருந்தாலும் 'ரன்னிங் லேட்' தான். வர நேரமாகும் என்று பொருள், அவ்வளவே.

இரண்டாவதில் வால் 'இன்டு', பக்கத்தில் ஓர் ஆள் பெயர். ரவிக்கு அடி ஒன்றும் படவில்லை, வழியில் சந்தித்திருக்கிறார். மூன்றாவதில் 'ஆஃப்' இருக்கிறது, ஆகவே காபித்தூள் காலி. முன்னால் 'ஹேவ்' நிற்பதால் 'ரான்' வரவில்லை என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். நான்காவதில் வாலும் இல்லை, பின்னால் நடத்துவதற்கு ஒரு பொருளும் இல்லை. ஓடு என்பதற்கு மிக அருகில் இருப்பது இது ஒன்றுதான், அதுகூட "கடைக்கு ஓடிப்போய் வாங்கிட்டு வா" என்று அம்மா சொல்கிற ஓட்டம். நடந்தே போகலாம்.

ஐந்தாவது, இயந்திரம் ஓடுவது, படி 1-லேயே பார்த்துவிட்டோம். தண்ணீர் மோட்டரைப் போட்டுவிட்டு அணைக்காமல் போயிருக்கிறார். இப்படி ஒரு செய்தி உண்மையிலேயே வந்தால் மொழிபெயர்ப்பை அப்படியே வைத்துவிட்டு, மாடித் தொட்டி வழிவதற்குள் எழுந்து ஓடுங்கள்.